‘ரன்’ என்ற சொல்லுக்குக் கூரை போட்ட நாள்

காலைச் சாப்பாட்டு இடைவேளையில் தலைமைப் பதிப்பாசிரியர் கோராஸ்த் என் மேசைமேல் அச்சுப்படியைப் போட்டார். எங்கள் ஆங்கில-ஸ்லோவேனிய அகராதியில் ‘ரன்’ என்ற ஒரே சொல்லுக்கு நான் எழுதிய பக்கம். முழுக்கச் சிவப்புப் பென்சில்.

“பாதியாக்குங்க, மிலோய்கா. இடம் இல்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆங்கிலேயனுக்கு மூக்கு ஒழுகினாலும் ரன், பேருந்து ஓடினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், தேர்தலில் நின்றாலும் ரன். எங்கள் லுப்லியானாவில் மூக்குக்குத் ‘தெச்சே’, பேருந்துக்கு ‘வோஸி’, மற்றதற்கெல்லாம் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் வாயில் புழங்குகிற சொல்லைத் தேடிச் சலவைக்காரிகளிடமும் ஓட்டுநர்களிடமும் வெட்கமில்லாமல் அலைந்தவள் நான். அட்டையில் என் பெயர் வராது. இந்தப் பக்கம்தான் எனக்கு மிச்சம்.

“துணியில சாயம் போறதை ஏன் அடிச்சீங்க?”

“அகராதியில துணி துவைக்கணுமா?”

“கிரிக்கெட்?”

“இந்த ஊர்ல எவன் ஆடுறான்?”

“படிக்கிறவனும் ஆடணுமாக்கும்!”

“அச்சுக்கூடத்துல கோத்ததைப் பிரிக்கச் சொல்லிடுறேன்” என்று போய்விட்டார்.

கீழே அச்சுக்கூடத்தில் என் பக்கத்தை ஈய எழுத்தில் கோத்துக் கயிறு கட்டி வைத்திருந்தார் எழுத்துக் கோக்கும் ஃபெர்தோ. கயிறு அவிழ்ந்தால் எல்லாம் போச்சு. முற்றத்து ஊசியிலை மரத்தில் ஒரு கிளையை ஒடித்தேன். எதிர்க்கடையில் திராட்சை மது வாங்கினேன். எங்கள் பக்கம் வீட்டுக்குக் கூரைச் சட்டம் ஏறியதும் உச்சியில் கிளை கட்டி, வேலைக்காரர்களுக்கு வீட்டுக்காரர் ஊற்றிக் கொடுப்பார். லிகோஃப் என்போம். அது குடிக்காமல் எந்தத் தச்சனும் வீட்டுக்குப் போகமாட்டான்; குடித்துவிட்டால் வேலை முடிந்த கணக்கு.

கிளையை ஈயப் பக்கத்தின் தலையில் செருகினேன்.

“என்னம்மா, வீடு கட்டிட்டீங்களா?” என்று ஃபெர்தோ சிரித்தார்.

“ஆமாண்ணே. மூணு குளிர்காலமாக் கட்டினது. குடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், மேலேருந்து இதைப் பிரிக்கச் சொல்லி வருவாங்க.”

ஃபெர்தோ கூட்டாளிகளைப் பார்த்தார். ஒரே மடக்கில் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள்.

கோராஸ்த் வந்ததும் கேட்டது, “பிரிச்சாச்சா?”

“லிகோஃப் குடிச்ச வீட்டைப் பிரிக்கிற கை இங்க இல்ல சார். வேணும்னா நீங்களே அவுத்துக்கோங்க” என்றார் ஃபெர்தோ.

“யாரைக் கேட்டுக் கூரை போட்டீங்க?” என்று கோராஸ்த் என் பக்கம் திரும்பினார்.

“உங்களைக் கேட்டா விட்டிருப்பீங்களா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. குனிந்து கயிற்று நுனியைப் பிடித்தார். தலைகீழ் ஈய வரிகளைக் கோராஸ்தின் உதடு முணுமுணுத்துப் படித்தது. படித்தார், கடைசி வரிவரைக்கும். பாவி மனுஷன், பிறந்ததிலிருந்து அவரும் இந்த மொழியைத்தானே பேசுகிறார்.

நுனியை இழுத்தார். முடிச்சு இன்னும் இறுகியது.

“கயிறு ஓரத்துல தொளதொளன்னு இருந்துச்சு” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, மை ஒட்டிய கையை என்னிடம் நீட்டினார், கோப்பைக்கு.