அப்பாவின் வாயிலிருந்து எடுத்தது

வின்ஸ்லேட் வம்சத்தைப் பற்றி லோர்னாவிடம் யாராவது வாயைக் கொடுத்தால் போதும், தட்டில் இருக்கிற சாப்பாடு ஆறிப்போய்விடும். அவள் இருக்கும் அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் பாதிப் பேருக்குத் தாத்தாவின் அப்பா பேரே தெரியாது. இவளுக்கோ இங்கிலாந்தில், டெவன் பக்கத்து ஆஷ்கோம் தேவாலயக் கல்லறையில் எந்த மரத்தடியில் எந்த வின்ஸ்லேட் புதைந்திருக்கிறார் என்பதுவரை அத்துப்படி. இத்தனைக்கும் அந்த ஊரில் கால் வைத்ததில்லை. வருகிற கோடையில் சொந்தபந்தங்களைத் திரட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

சொந்தக்காரர்கள் மரபணுச் சோதனை முடிவுகளை இணையத்தில் பகிர்ந்துகொள்ளும் குடும்பக் குழுவை ஆரம்பித்து நடத்துவதும் அவள்தான். சித்தப்பா டுவைட்டின் மகன் கிளைட் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் வழித்துச் சோதனைக்கு அனுப்பினான். அவன் முடிவு ஆஷ்கோமில் இன்னும் குடியிருக்கும் ஒரு வின்ஸ்லேட்டோடு அச்சாகப் பொருந்தியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் இந்த ஆண்வழி அடையாளம் மகளுக்கு இறங்காது. லோர்னாவுக்குக் கூடப்பிறந்தவனும் கிடையாது, அவள் கிளையில் சோதிக்க அப்பா ஒருவர்தான். நன்றி கூறும் நாள் விருந்தில் வான்கோழியை அறுத்தபடியே கிளைட் சீண்டினான்.

"எங்க கிளை உறுதியாயிடுச்சு. உங்க கிளைதான் இன்னும் வாய்ப்பேச்சுலயே நிக்குது அக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், உள்ளே பற்றி எரிந்தது.

சோதனைக்கு வாயை வழித்துத் தரும்படி அப்பா எவரெட்டிடம் அவள் முன்பே ஒருமுறை கேட்டிருந்தாள், அவருக்கு நினைவு நன்றாக இருந்த நாளில். மகள் கேட்டு எதையும் இல்லையென்று சொல்லாத மனிதர். "அது மட்டும் வேணாம் கண்ணு, விட்டுடு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைக்கு எழுந்து போனார். கிழவரின் பிடிவாதம் என்று நினைத்தாளே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மகளை ஒருநாள் தெரிகிறது, மறுநாள் தெரிவதில்லை. தெரியாத நாளாகப் பார்த்து லோர்னா குச்சியோடு போனாள்.

"பல்லுல சொத்தை இருக்கான்னு பாக்கணும்பா. ஆ காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காட்டினார். வழித்து முடிக்கிறவரை வாயை மூடவே இல்லை. அப்போதே அவள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். காரில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

முடிவு வந்ததும் குழுவில் உள்ள எல்லார் கண்ணிலும் அது பட்டுவிடும். யாரும் எதையும் மறைக்கக் கூடாது என்று அந்த விதியைப் போட்டவளே அவள்தான். அவள் கடையில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். எவரெட் வின்ஸ்லேட் ஆஷ்கோமோடு பொருந்தவில்லை. கிளைட்டோடும் பொருந்தவில்லை. அந்தப் பேர் கொண்ட ஒருவரோடும் பொருந்தவில்லை.

சாயங்காலம் டுவைட் சித்தப்பா வந்தார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"இது வேணாம்னு எவரெட் சொன்னானா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்புறம் எப்படி எடுத்த?"

பல் கதையை ஒளிக்காமல் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கல்யாணத்தப்பவே எங்கம்மா வயித்துல இருந்தவன் அவன். எங்கப்பா ஹார்லன் தெரிஞ்சேதான் அவளைக் கட்டிக்கிட்டாரு. எங்க தலைமுறையில அத்தனை பேருக்கும் தெரியும், ஒருத்தர் வாயத் திறந்ததில்ல. எவரெட் என்கிட்ட வாழ்நாள்ல கேட்டது ஒண்ணே ஒண்ணு. 'லோர்னாவுக்குத் தெரிய வேணாம்டா, அந்தப் பேர்ல அவளுக்கு அவ்வளவு பெருமை'ன்னான்."

"குழுவுலேருந்து இப்பவே எடுத்துடறேன் சித்தப்பா."

"எடுத்து என்ன பண்ண? கிளைட்டோட பொண்ணு என்னைக் கூப்பிட்டு, பெரிய தாத்தா நம்ம ஆளு இல்லையான்னு கேக்குது."

அவர் போனபின் எடுத்துத்தான் போட்டாள். ஆஷ்கோம் கைவிட்டுப் போனது அவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. ஒரு தலைமுறையே காப்பாற்றிக் கொடுத்த மானத்தை, பெற்ற மகள் அவர் வாயிலிருந்தே வழித்தெடுத்து ஊருக்குக் காட்டிவிட்டாள். அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மரியாதை தெரிந்த மனிதர், சிரமப்பட்டுப் பாதி எழுந்து கையை நீட்டினார்.

"எவரெட் வின்ஸ்லேட். ஹார்லன் வின்ஸ்லேட்டோட மூத்த பையன். நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?"

லோர்னா அறை வாசலைத் தாண்டாமல் நின்று கண்ணைத் துடைத்தாள்.

"உங்க பொண்ணுதான்பா."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். நினைவு வந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் முகமெல்லாம் சந்தோஷம்.

"அப்படின்னா நீயும் வின்ஸ்லேட்தான்! உக்காரும்மா, உக்காரு. நம்ம வீட்டுப் பொண்ணு எதுக்கு வாசல்ல நின்னு அழணும்?"

அவள் உட்கார்ந்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.