ஷெட்டில் ஓர் எலி

மாமனார் தம் கார் சாவியைப் பிறத்தியார் கையில் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஸ்டியரிங் தம்மோடு ஒட்டிப் பிறந்தது என்ற நினைப்பு. அப்படிப்பட்டவர் அன்று, "லைட்டு மங்கலா இருக்கு, என்னன்னு பாருங்க மாப்ள" என்று சாவியை நீட்டியதும் பல் டாக்டர் மருமகனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் இதுவரை அவன் வெறும் பல்லு பிடுங்கறவர். இன்றோடு அந்தப் பட்டத்தைப் பிடுங்கிப் போட்டுவிடலாம்.

கடையில் இருப்பதிலேயே பிரகாசமான நூறு வாட் பல்புகளை வாங்கிவந்தான். பழையது கிட்டத்தட்ட அதில் பாதி. வலது பக்கம் மாட்டி சுவிட்சைப் போட்டதும் ஷெட் சுவர் பட்டப்பகலாகிவிட்டது. இடுப்பில் கைவைத்து ரசித்தான். ரசித்து முடிப்பதற்குள் மூக்கு முந்திக்கொண்டது. பிளாஸ்டிக் தீயும் வாடை.

அவசரமாக அணைத்துவிட்டுப் பார்த்தால், பல்பைச் செருகியிருந்த ஹோல்டர் வெயிலில் வைத்த சாக்லேட்டாக இளகிக் கிடந்தது. வயர் கையைச் சுட்டது. அதைச் சொல்லிக் குற்றமில்லை. அது பாதிச் சுமைக்குப் பிறந்த மெல்லிய வயர்.

பொழுது சாய்ந்ததும் மாமியாரை அவர் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். பல் போனால் பஞ்சைக் கடிக்கச் சொல்லலாம். மானம் போனால் எதைக் கடிப்பது?

மூலையிலிருந்த எலிப்பொறி கண்ணில் பட்டது. முன்பு இடது பக்க வயரை எலி கடித்துவிட்டதாம், மாமனார் சொன்னது. அன்றுமுதல் மாமியார் தினமும் ரொட்டித் துண்டு வைக்கிறார், எலிதான் தலைகாட்டவில்லை. பழியை அதன்மேல் போட்டால் என்ன? எப்படிக் கடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள, இடது பக்கத்தைத் திறந்து சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தான்.

உள்ளே பல் பட்ட தடமே இல்லை. பல் விஷயத்தில் மட்டும் அவனை ஏமாற்ற முடியாது. அங்கேயும் ஒரு ஹோல்டர் உருகி உறைந்திருந்தது.

"என்ன மாப்ள, தீயற வாடை?" வாசலில் மாமனார்.

"என் வேலைதான் மாமா. நூறு வாட் போட்டேன், உருகிடுச்சு." அவன் இடது பக்கத்தைக் காட்டினான். "இந்த எலிக்குப் பல்லே இல்ல போல."

மாமனார் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டார். "மெதுவாப் பேசுங்க. அன்னைக்கு நானும் நூறுதான் போட்டேன். பஸ் ஓட்டினவருக்கு பல்பு மாட்டத் தெரியலன்னு அவ ஊரெல்லாம் சொல்லுவா."

அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்ட தடித்த வயர் ரிலே என்கிற குட்டித் தானியங்கிச் சுவிட்சுக்கு, அங்கிருந்து பல்புக்கு. பழைய வயருக்கு ரிலேயைத் தட்டி எழுப்பும் உத்தியோகம் மட்டும். ஹோல்டர்கள் சூடு தாங்கும் பீங்கானில். எதிரே வருகிறவர் கண் கூசாதபடி மாமனார் வெளிச்சத்தைத் தாழ்த்தினார்.

அந்தியில் விளக்கைப் போட்டு, நெடுநேரம் எரியவிட்டு வயரைத் தொட்டார்கள். சுடவில்லை.

"எலி கடிச்ச வயரை மாத்திட்டோம் அத்தை" என்றான் மருமகன்.

மாமியார் பொறியை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். "பரண்ல போடுங்க. ரெண்டு எலியும் குசுகுசுன்னு பேசிட்டு உக்காந்திருந்ததை ஜன்னல் வழியாப் பார்த்தாச்சு."

மாமனார் பொறியைப் பரணில் போட்டுவிட்டு வந்தார். டிரைவர் கதவுவரை போனவர், நின்று, சாவியை மருமகனிடம் நீட்டினார். "நீங்களே ஓட்டுங்க மாப்ள. வர்றப்பவும்."

கார் தெருவில் இறங்கியதும் பின் சீட்டிலிருந்து ஒரு கை முன்னால் நீண்டது. அன்றைய பொறிக்கு எடுத்துவைத்த ரொட்டியை மாமியார் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்திருந்தார்.