இடது ஓரத்தில் இரண்டு விரற்கடை

மார்ச் 11, செவ்வாய், மாலை

நேற்று இந்த நோட்டில் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஏரிப் படம் எடுத்த நாள் மார்ச் 2, ஞாயிறு என்று எழுதியிருக்கிறேன். மார்ச் 5, புதன் என்பதே சரி. பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குப் பெயரும் தேதியும் ஒட்டுவது என் வேலை. அங்கே மூன்று நாள் பிசகினால் குப்பியைக் கொட்டிவிட்டு, ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி ஊசி குத்த வேண்டும். நோட்டுக்கு அப்படி ஒரு நடைமுறை இல்லாததால் அடித்துத் திருத்தினேன்.

கைத்தவறு என்று எழுத வந்தேன். கைத்தவறு இல்லை. புதன்கிழமை நான் வேலையில் இருந்திருக்க வேண்டும்.

1

இந்தக் கதை ஓர் அட்டையாக இருந்திருக்க வேண்டியது.

நான் போகும் மாலை வகுப்பு புகைப்பட வகுப்பு. சனிக்கிழமை எங்கள் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம். படத்தை முழுசாகவும் மாட்டலாம், ஓரங்களை வெட்டியும் மாட்டலாம். ஆனால் வெட்டினால் பக்கத்தில் ஓர் அட்டை தொங்க வேண்டும்: வெட்டியது என்ன, ஏன் வெட்டினேன், நூறு சொல்லுக்குள். வெட்டுக் குறிப்பு என்று பெயர். வேறு எந்த வகுப்பிலும் இந்த விதி இருப்பதாகத் தெரியவில்லை. மறைப்பதை மறைக்க விடாத விதி.

நூறு சொல் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அது ஊதிப்போன வடிவம்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"அமைதியான ஏரி, பின்னால் மலை. இடது ஓரத்துப் பாறைகள் கவனத்தைச் சிதறடித்ததால்—" (பொய். பாறைகள் ஒரு தொந்தரவும் செய்யவில்லை.)

"இடது ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலம் வெட்டப்பட்டது. அதில் ஒரு முதியவர்—" (முதியவர் என்றால் கோபித்துக்கொள்வார்.)

"வெட்டப்பட்ட பகுதியில் என் அப்பா, கைத்தடியைத் தோளில் சாத்திக்கொண்டு, மலைப் பாதையில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருக்கிறார்."

மூன்றாவது உண்மை. அதனாலேயே சுவரில் தொங்கவிட முடியாது.

3

பாத்திர அறிமுகம். எங்கள் வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அண்ணன், அண்ணி, நான், அப்பாவின் முழங்கால்.

அம்மா இறந்து இரண்டு வருடம். முழங்கால் எங்களோடு வந்து சேர்ந்து ஒன்றரை வருடம். வந்த நாளிலிருந்து வீட்டுப் பொறுப்பு அதன் கையில். டிவியின் சத்தம், ஜன்னல் திறப்பது, யார் கீழறையில் தூங்குவது, எல்லாம் அதைக் கேட்டுத்தான். சொந்தக்காரர்கள் போன் செய்தால் முதலில் அதை விசாரிக்கிறார்கள், பிறகு நேரமிருந்தால் அப்பாவை. அதற்கு வெந்நீர் ஒத்தடம் காலையில், தைலம் மாலையில். இரண்டையும் செய்வது அண்ணி. அண்ணன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவன். அவன் ஊர் சுற்றுகிறான். நான் வகுப்புக்குப் போகிறேன்.

அண்ணி பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுபவர். போன மாதம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அட்டவணைப் பிரிவுக்குத் தலைமை, ஆனால் நான்கு மணி நேரத் தொலைவில் வேறு ஊரில். அண்ணன் எந்த ஊரிலும் பெட்டி பழுதுபார்க்கலாம். வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அப்பா எழுந்து நின்றார், முனகினார், உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமைக்குள் அண்ணி பதில் சொல்ல வேண்டும்.

(வாசகருக்கு: முழங்காலை நான் கேலி செய்வதாகத் தோன்றினால், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை படமெடுக்கப் போக நான் விடுப்பு வாங்கியது எப்படி? "அப்பாவுக்கு முழங்கால் ரொம்ப முடியல சார், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்." சூப்பர்வைசர் கண் கலங்கி அனுப்பிவைத்தார். ஏரியின் இந்தக் கரையில் கேமரா முக்காலியை நிறுத்திக்கொண்டு நான் நின்ற நேரத்தில், என் நோயாளி எதிர்க்கரை மலையில் ஏறியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் தெரிந்தது. அரிசி அளவு உருவம். ஆனால் அந்த ஆரஞ்சுப் பிடி போட்ட கைத்தடியை வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.)

4

திங்கட்கிழமை வகுப்பில் முழுப் படத்தையும் பலகையில் குத்தினார்கள்.

ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மூணுல ஒண்ணு'. எந்தப் படத்தைப் பார்த்தாலும் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என்று கோடு கிழித்து மூன்று மூன்றாகப் பிரித்துவிடுவார். இரண்டு எல் வடிவ அட்டைகளை எதிரெதிராக வைத்து, ஜன்னல் போல நகர்த்தி, எங்கே வெட்டலாம் என்று காட்டுவார்.

"வானம் ஜாஸ்தி," என்றார் எங்களோடு படிக்கும் பல் மருத்துவர். "மேல் வரிசையைக் கொஞ்சம் எடுத்துடலாம்."

"நீங்க எதைப் பாத்தாலும் எடுக்கத்தான் சொல்வீங்க," என்றார் இன்னொரு மாணவரான ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். "இடது ஓரத்துல யாரோ ஆள் இருக்கானே, பாத்தீங்களா? தோள்ல என்ன அது, துப்பாக்கியா?"

"துடுப்பு சார்," என்றார் பல் மருத்துவர். "மீன் பிடிக்கிறவரு."

"மலை மேலயா மீன் பிடிப்பான்?"

"பிடிச்சிட்டு வீட்டுக்குப் போறாரு."

ஆசிரியர் கையை உயர்த்தினார். "அது என்னவா இருந்தா என்ன? அந்த ஆள் இல்லைன்னா மலை எவ்வளவு உயரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளுதான் அளவுகோல். பாருங்க, அந்த நடையை. முதுகுல பாரம், ஆனா தளரலை. உழைப்பாளி. இந்தப் படத்துல உழைக்கிற ஒரே ஆள் அவருதான்."

நான் குறித்துக்கொண்டேன்: உழைப்பாளி.

"தம்பி, நீ சொல்லு. இவரை வெச்சுக்கப் போறியா, வெட்டப் போறியா?"

"யோசிக்கிறேன் சார்."

"யோசிக்காதே. கண்ணால பாரு."

கண்ணால் பார்த்ததுதானே பிரச்சினை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது. எனக்குப் பதில்கள் எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வருகின்றன.

5

இன்று ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து, எல் அட்டைகளை வைத்து இடது ஓரத்தை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி தைலக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நல்லா இருக்கே தம்பி. மூடி வெச்சிருக்கிற இடத்துல என்ன?"

"பாறை அண்ணி."

"வெறும் பாறைதானா?"

"வெறும் பாறைதான்."

"அப்ப எடுத்துடு. நானும் அப்படித்தான், ஆளே ஏறாத ஸ்டாப்புன்னா அட்டவணையில இருந்து எடுத்துடுவேன். என்ன, எடுத்த மறுநாள் அங்க கரெக்டா ஒருத்தர் வந்து நிப்பாரு. ஒரு மணி நேரம் நின்னுட்டு ஆபீசுக்கு வந்து திட்டுவாரு."

அப்படியே சொன்னார், நான் ஒன்றும் செதுக்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வசனம் சும்மா கிடைத்தால் சந்தேகம்தான் வரும். ஆனால் அண்ணி எந்தப் பேச்சையும் பஸ்ஸில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார்.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன். தப்பு ஏதாவது இருந்தா சொல்லு. நாளன்னைக்குக் குடுக்கணும்."

பதவி உயர்வை ஏற்க இயலாததற்கு வருந்தும் கடிதம். "மாமனாரின் உடல்நிலை காரணமாக." நான்கு வரி. இரண்டு முறை படித்தேன். தேதியில் பிழை: பதின்மூன்றுக்குப் பதில் பன்னிரண்டு. திருத்திக் கொடுத்தேன்.

"நல்ல வேளை," என்றார். "நீ பாத்ததால தப்பிச்சேன்."

(இந்த இடத்தில் கதாநாயகன் வாயைத் திறந்து— என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். எந்தக் கதாநாயகன்? தேதியைத் திருத்தியவன்தான் இருக்கிறான்.)

6

மார்ச் 12, புதன், மாலை

காலையில் அண்ணி போன பிறகு அப்பாவிடம் போனேன். எதையும் வரிசைப்படி செய்பவன் என்பதால் கேள்விகளைச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்வியைத் தாண்டவில்லை.

"அப்பா, போன புதன்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"நீ எங்க இருந்த?"

சீட்டை மடித்தேன்.

"உங்க சூப்பர்வைசர் மறுநாள் போன் பண்ணாருடா. 'இப்ப எப்படி இருக்கீங்க, டாக்டர் என்ன சொன்னாரு'ன்னு. டாக்டர் ஊசி போட்டாரு, பரவாயில்லைன்னு சொல்லிவெச்சேன். உன்னைக் காட்டிக் குடுக்கல."

"நீங்க மலை ஏறினது என் படத்துல விழுந்திருக்குப்பா."

அப்பா கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது.

"ஏறும்போது வலிக்காதுடா. இறங்கும்போதுதான் வலிக்கும்."

"இறங்கினீங்களே."

"இறங்காம? அங்கயே குடியிருக்கவா? அதுக்கப்புறம் ரெண்டு நாள் எழுந்திருக்க முடியல, நீ பாக்கல?"

பார்த்த ஞாபகம் இல்லை. அந்த இரண்டு நாளும் வேலை முடிந்ததும் நான் பிரிண்ட் போடும் கடையில் இருந்தேன். ஒரு படம் ஒரு நொடியின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. அதில் ஏற்றம் மட்டும் இருக்கிறது. இறக்கம் என்னிடம் இல்லை.

"அப்புறம் ஏன் போறீங்க?"

"மேல போயிட்டா, வலிக்குதான்னு கேக்க ஒருத்தரும் இல்ல. அது ஒரு நிம்மதி."

[இந்தக் கடைசி வரியை அப்பா சொல்லவில்லை. நான் எழுதிச் சேர்த்தேன். படிப்பவர்களுக்கு அப்பாவைப் பிடிக்க வேண்டும் என்று ஆசை. அவர் உண்மையில் சொன்னது: "டீ ஆறிடுச்சு. சூடு பண்ணிக் குடு." அதற்கும் எழுந்திருக்கவில்லை.]

சூடு பண்ணிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் நான் முதன்முறையாக அடுப்பைப் பற்ற வைத்தது அப்போதுதான். தீப்பெட்டி எங்கே என்று அப்பாவைக் கேட்க வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது.

7

மாற்று முடிவுகள். வகுப்பில் படத்துக்கு மூன்று வெட்டுகள் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், அந்தப் பழக்கம்.

அ. இடது ஓரத்தை வெட்டுகிறான். குறிப்பில் 'பாறை' என்று எழுதுகிறான். கண்காட்சியில் எல்லோரும் ஏரியைப் பாராட்டுகிறார்கள். அண்ணி இங்கேயே இருக்கிறார், ஒத்தடம் தொடர்கிறது.

ஆ. முழுப் படமும் தொங்குகிறது. அண்ணி சுவரில் இருப்பதை ஒன்று விடாமல் படிப்பவர், பார்ப்பவர். மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போகிறார். வகுப்பே வேடிக்கை பார்க்கிறது. பல் மருத்துவர் "துடுப்பு" என்கிறார். (இது நல்ல காட்சி. அதனால்தான் இதை எழுத விரும்பினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.)

இ. அப்பா தானாகவே மனம் மாறி— (சிரித்துவிட்டேன்.)

மூன்றையும் எழுதி முடித்த பிறகு ஒன்று உறைத்தது. கண்காட்சி சனிக்கிழமை. கடிதம் வியாழக்கிழமை. நான் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் அண்ணி பார்க்கும்போது கடிதம் போயிருக்கும். இத்தனை நாளாக, கவலைப்பட வசதியான கேள்வியாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கோடு கிழித்து, மூன்றாகப் பிரித்து, நோட்டில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஏன் என்பதற்கும் பதில் இருக்கிறது. அது படத்தில் இல்லை. அண்ணி போனால் ஒத்தடம், தைலம், கீழறை, போன் விசாரிப்புகள் எல்லாம் யாருக்கு வரும்? வாரத்தில் மூன்று மாலை வகுப்புக்குப் போகிறவனுக்கு. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அட்டையை வைத்து மூடினேன். அட்டைக்குக் கீழே நானும் இருந்தேன்.

(ஆசிரியர் இதைப் படித்தால் கடைசி வாக்கியத்தை வெட்டச் சொல்வார். இருக்கட்டும்.)

8

சற்று முன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்தால் அது வேறு மாதிரி மறைப்பு.

"நாளைக்குக் காலையில அண்ணிகிட்ட முழுப் படத்தையும் காட்டப் போறேன்பா."

கோபம் வரும் என்று எதிர்பார்த்து கதவோரமாகவே நின்றிருந்தேன்.

"உன் சூப்பர்வைசருக்கு நான் போன் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க. நானே நாளைக்கு அவர்கிட்ட சொல்லிடுவேன்."

பிறகு அவரே கேட்டார்: "எப்படி விழுந்திருக்கேன் அதுல?"

"அரிசி சைஸ்ல இருக்கீங்க."

"பெரிசு பண்ண முடியாதா?"

"பண்ணினா புள்ளி புள்ளியாயிடும்."

"நிமிர்ந்துதானே நடக்கறேன்?"

"நிமிர்ந்துதான் நடக்கறீங்க."

"ம்," என்றார். கால் முனகியதா அவர் முனகினாரா என்று தெரியவில்லை.

படத்தைப் பார்த்த பிறகு அண்ணி கடிதத்தைக் கிழிப்பாரா, பையில் போட்டுக்கொண்டு போவாரா, அப்பாவிடம் என்ன கேட்பார், இறங்கும்போது வலிக்கிறது என்பதை நம்புவாரா, வலித்தாலும் அது தன் வேலையா என்று கேட்பாரா, எனக்குத் தெரியாது. நடந்த பிறகும் இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்கு வசதியான இடத்தில் வெட்டுவேன். வீட்டில் உள்ள ஐந்து பேரையும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.

நாளை, வியாழன்:

காலை 5.45: எழுந்து வெந்நீர் வைப்பது. ஒத்தடம் நான் கொடுப்பது.

6.30: அண்ணி 6.50 பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், அப்பா மேசையில் இருக்கும்போது, படத்தை அட்டைகள் இல்லாமல் அண்ணியின் கையில் கொடுப்பது. இடையில் பேசாமல் இருப்பது.