மூன்று சுழி வாக்குறுதி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்கவில்லை. யாரோ என் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். வழவழப்பான தாள், நான்காக மடித்தது, மேலே கொட்டை எழுத்தில் 'உங்கள் உறுப்பினரின் ஒரு மாதம்'. எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் யார் யாரைப் பார்த்தார், எதைத் திறந்தார், எங்கே பேசினார் என்று தெரிவிக்கும் பிரசுரம். மாதம் முடிவதற்குள்ளேயே அந்த மாதம் முழுவதையும் சொல்லி முடித்துவிடுவது அதன் தனிச்சிறப்பு.

வழக்கமாக அதை அலமாரித் தட்டில் விரித்துவிடுவேன். அன்று ஏதோ நினைவில் படங்களைப் பார்த்தேன். நூலகத்தில் நாடா வெட்டுகிறார். விளையாட்டுத் திடலில் பந்தை உதைக்கிறார். பந்து படத்தில் இல்லை. மருத்துவமனையில் ஒரு நோயாளியிடம் குனிகிறார். நோயாளி கேமராவைப் பார்க்கிறார். தண்ணீர்த் தொட்டி ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார், அது அங்கே இருப்பதை அவர்தான் முதலில் பார்த்தவர்போல. எல்லாவற்றிலும் அதே சிரிப்பு. ஒரே ஒரு படத்தில் மட்டும் இல்லை. அதில் ஒரு தையல்காரியின் வீட்டுக்குள் நிற்கிறார். கேமராவை மறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தரையில் என்ன இருந்தது? படம் அவர் இடுப்போடு முடிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. வழக்கு கிழக்கு என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தேர்தல் முடிந்து நெடுநாள் கழித்து அந்தக் கொடியவன் மீண்டும் தெருவில் காலடி வைத்தபோது"

(வேண்டாம். ஆறாவது சொல்லிலேயே கதாசிரியருக்குக் கோபம் வந்தால் வாசகருக்கு என்ன மிச்சம்?)

பிறகு இப்படி:

"காலைக் கதிர்கள் கால்வாய் நீரில் பொன்னை உருக்கி ஊற்ற"

(அந்தக் கால்வாயில் அப்படி எதுவும் நடப்பதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.)

கடைசியில் இது வந்தது: "உறுப்பினருக்குக் கால் வலித்தது."

இதை அடிக்க மனம் வரவில்லை. அவரை நார்நாராகக் கிழித்துவிடலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன். ஆனால் கால் வலிக்கும் ஒருவரை என்னால் முழுமனதோடு வெறுக்க முடிவதில்லை.

3.

உறுப்பினருக்குக் கால் வலித்தது. மனைவி வாங்கித் தந்த புதுச் செருப்பு கடித்தது. காலையிலிருந்து நூலகம், திடல், மருத்துவமனை என்று சுற்றியாயிற்று. மிச்சம் இருந்தது கால்வாய் ஓரத் தெரு ஒன்றுதான்.

கூடவே மச்சினன். மனைவியின் தம்பி. வண்டி ஓட்டுவது, படம் எடுப்பது, பிரசுரம் எழுதுவது எல்லாம் அவன்தான். ஊர் பார்க்கும்போது 'ஐயா' என்பான், வண்டிக்கதவைச் சாத்தியதும் 'அத்தான்' என்பான்.

அந்தத் தெருவுக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கால்வாய். விளக்குக் கம்பம்தோறும் அரசு அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'உரிய ஆவணம் இல்லாத கட்டடங்கள் முன்னறிவிப்பின்றி அகற்றப்படலாம்.' ஒட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தெருவில் பேசக் கற்றுக்கொள்ளும் குழந்தைகூட அம்மா, அப்பாவுக்கு அடுத்து ஆவணம் என்றுதான் சொல்லும் போலிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வீட்டின் முன்னறையிலேயே இரண்டு மெஷின் போட்டுத் துணி தைப்பவள். ஒன்றில் தானும் இன்னொன்றில் மகளும்.

(உறுப்பினருக்கு 'அவர்', தையல்காரிக்கு 'அவள்' என்று பேனா தானாகவே போகிறது, கவனித்தீர்களா? நான் இப்போதுதான் கவனித்தேன். இனி அவரும் அவர்தான்.)

"ஐயா, போன மழையில பின்சுவர் விழுந்திருச்சு. தார்ப்பாய் கட்டித்தான் இருக்கோம். கட்டிக்கலாம்னு பார்த்தா, நாளைக்கே வந்து இடிச்சிட்டா என்ன பண்றது? எங்க கையில ஒரு காகிதம் கிடையாது. கட்டட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க போதும்."

உறுப்பினர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றினார்.

"கவலையே படாதீங்கம்மா. நான் ஆவன* செய்றேன்."

கைதட்டினார்கள். இவ்வளவு பலமான கைதட்டலை அவர் எதிர்பார்க்கவில்லை. மனம் குளிர்ந்துபோய் வண்டியில் ஏறினார்.

* ஆவன: ஆக வேண்டியவை. யார் செய்வது, எதைச் செய்வது, எப்போது செய்வது என்ற எந்தக் கேள்விக்கும் பிடி கொடுக்காமல் நழுவ நம் மொழியில் இதைவிட வசதியான சொல் கிடையாது. இதில் வருவது இரண்டு சுழி ன. உறுப்பினரின் நாக்குக்கு மூன்று சுழி ண மட்டும்தான் வரும். 'உங்கள் மனம் எனக்குத் தெரியும்' என்று அவர் ஒரு தேர்தல் கூட்டத்தில் முழங்கியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் குனிந்து சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்களாம். அன்று கால்வாய் ஓரத்தில் 'ஆவண' வரைக்கும் அவர் சொன்னார். மிச்சமிருந்த 'ம்'மைத் தெரு போட்டுக்கொண்டது.

4.

கதையை இங்கே நிறுத்திவிட்டுத் தையல்காரம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அப்பாவி, ஏழை, ஏமாந்தவர். இப்படிப்பட்டவரைக் கதையில் போட்டால் நீங்கள் ஐந்தாம் வரியிலேயே கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிடுவீர்கள். அப்புறம் நான் எதற்கு?

ஆகவே அவருக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு கொடுத்தேன். கொடுத்ததும் அவர் செய்த முதல் காரியம், வண்டியில் ஏறப்போன உறுப்பினரை நிறுத்தி, "சட்டை எங்க தைச்சீங்க? தோள் இறங்கியிருக்கு. யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றது. உறுப்பினர் அன்று மாலை முழுக்கக் கண்ணாடியில் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சரியாக இருக்கிறது. இவர் எளிதில் ஏமாறுகிற ஆள் இல்லை. பிறகு ஏன் நம்பினார்? ஊரறிய, தெரு நடுவில், தன் முகத்தைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டாரே, அதனால்.

5.

பத்து நாள் போயிருக்கும். பிரசுரத்தில் பெண்கள் சுயதொழிலுக்கு ஒரு படம் குறைகிறது என்றான் மச்சினன். "அந்த டெய்லரம்மாவையே எடுத்துரலாம் அத்தான். முகராசி நல்லா இருக்கு."

போனார்கள். வாசலில் செங்கல் அடுக்கியிருந்தது. உள்ளே தார்ப்பாயைக் காணோம். பின்பக்கம் ஒரு கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். முன்னறையில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று நின்ற இடத்தில் அதன் இரும்புக் கால்கள் பதிந்த நாலு குழிகள் மட்டும் இருந்தன.

"இன்னொரு மெஷின் எங்கம்மா?"

"அதுதான் இப்போ பின்னாடி சுவரா நிக்குது" என்று சிரித்தார் தையல்காரம்மா. "நீங்களே ஆவணம் செய்றேன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறமும் தள்ளிப்போட்டா எப்படி? மெஷினை மெதுவா மீட்டுக்கலாம். மகளுக்குத்தான் வேலை இல்லாமப் போச்சு. பரவாயில்ல, கொஞ்ச நாள்தானே."

உறுப்பினர் தரையைப் பார்த்தார். மச்சினன் படம் எடுத்தான். என் கதவிடுக்குக்கு வந்த படம் அதுதான்.

(இந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்துத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அதற்கென்று நல்ல வசனமும் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தார். "சுவர் நேரா வந்திருக்கு" என்றார். நான் என்ன செய்ய?)

வண்டி தெருவைத் தாண்டியதும் மச்சினன் கேட்டான்:

"அத்தான், நீங்க சொன்னது வேற ஆவன தானே?"

"ஆமா."

"அவங்க மூணு சுழின்னு..."

"தெரியுதுடா. ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அன்று செருப்பு கடித்ததா என்பது அவருக்கு நினைவில்லை.

6.

அந்த வாரம் சட்டமன்றம் கூடியது. நீண்ட நாளாகக் காத்திருந்து அவருக்கு ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்பு வந்திருந்தது. என்ன கேட்க வேண்டும் என்பதைக் கட்சியே தட்டச்சு செய்து கொடுத்திருந்தது: 'புதிய பாலத்தால் மக்கள் அடைந்துள்ள பெருமகிழ்ச்சியை மாண்புமிகு அமைச்சர் அறிவாரா?' இப்படிப்பட்ட கேள்விகளை ஒழுங்காகக் கேட்பவர்களுக்குத்தான் முன்வரிசை கிடைக்கும். அவரும் அதற்குத்தான் பல வருடமாகப் பின்வரிசையில் தவமிருந்தார்.

எழுந்தார். தாளைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"என் தொகுதியில் கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு வீட்டு ஆவணம் எப்போது வழங்கப்படும் என்பதை அமைச்சர் தெரிவிப்பாரா?"

ஒவ்வொரு சுழியையும் எண்ணி எண்ணிச் சொன்னார். கட்சிக் கொறடா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். இனி இந்தப் பக்கம் வராதே என்பதுபோல ஒரு பார்வை.

அமைச்சர் எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மாண்புமிகு உறுப்பினரின் கோரிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டு, ஆவன செய்யப்படும்."

அமைச்சருக்குத் தமிழ் உச்சரிப்பு அப்பழுக்கில்லாதது. இரண்டு சுழி, அட்சர சுத்தமாக வந்து விழுந்தது. அவை மேசையைத் தட்டியது.

"எப்போது?" என்று கேட்டார் உறுப்பினர். ஒலிவாங்கியை அணைத்திருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் கேட்டது. அவர், "அதான் சொல்லிட்டாரே, உக்காருங்க" என்றார்.

வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் அவர் சொன்ன சொல் அது. தன்னிடம் யாரும் சொல்லி அன்றுவரை கேட்டதில்லை. கேட்டபோது வெட்கமாக இருந்தது. இதை இதைவிட அழகாகச் சொல்ல முயன்று பார்த்தேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

வெளியே மச்சினன் காத்திருந்தான். அடுத்த பிரசுரத்துக்கு அவனிடம் யோசனை தயார். "ஆவணம் செய்யப்படும்னு அமைச்சர் உறுதின்னு போட்டுரலாம் அத்தான். யாராவது கேட்டா அச்சுப்பிழைன்னு சொல்லிக்கலாம். ஒரு சுழிதானே."

உறுப்பினர் கால்வாய் ஓரத் தெருவுக்கு வண்டியை விடச் சொன்னார்.

7.

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) மச்சினன் யோசனைப்படி அச்சுப்பிழை. தையல்காரம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். பிரசுரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறார். பிறகு ஒருநாள் இயந்திரத்தோடு ஆட்கள் வருகிறார்கள், அவர் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு

(முடியவில்லை. இதை எழுதக் கை வரவில்லை.)

(ஆ) உறுப்பினரின் பேச்சில் அமைச்சர் மனமுருகி ஆவணத்தைத் தன் கையாலேயே வழங்குகிறார். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. உங்களுக்கும் படிக்கக் கூச்சமாக இருக்கும்.

(இ) என்ன எழுதலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உறுப்பினர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். மச்சினனை உள்ளே வரவேண்டாம் என்றார். படம் வேண்டாம் என்றார். முன்னறையைத் தாண்டிப் பின்பக்கம் போனார். கையில் கத்தரியோடு தையல்காரம்மாவும் பின்னாலேயே வந்தார். சுவர் தலைக்கு மேல் வந்திருந்தது. இன்னும் சில வரிசை வைத்தால் கூரையைத் தொட்டுவிடும். கொத்தனார் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு விஷயம். அன்னைக்கு நான் சொன்னது ஆவணம் இல்ல. ஆவன. ரெண்டு சுழி."

தையல்காரம்மா கத்தரியைக் கீழே வைத்தார். "அப்படின்னா என்ன அர்த்தம்?"

உறுப்பினர் யோசித்தார்.

"அப்படி ஒண்ணும் அர்த்தம் இல்லம்மா."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார், வாசலில் மிச்சம் அடுக்கியிருந்த செங்கல்லைப் பார்த்தார். அதை விற்றால் ஒருவேளை மெஷின் திரும்பி வரும். வைத்து முடித்தால் வீடு வீடாகும், நாளைக்கு யாரும் வராதவரை.

"அமைச்சர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"நான் உங்ககிட்ட சொன்னதையேதான்."

"சரி, அதை விடுங்க. இது உங்க வீடா இருந்தா என்ன பண்ணுவீங்க? கட்டுவீங்களா, நிறுத்துவீங்களா?"

இப்படி ஒரு கேள்விக்குக் கட்சி எதுவும் தட்டச்சு செய்து தரவில்லை. உறுப்பினர் திரும்பி என்னைப் பார்க்கிறார். எனக்குச் சொந்த வீடு. நாலு சுவரும் நிற்கிறது. ஆவணம் பீரோவில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அது நன்றாக இருக்காது. எனவே முடிவு குறித்து ஆவன செய்யும்படி உங்களிடம் விட்டுவிட்டு, வந்த வழியே நழுவப் பார்க்கிறேன்.

கொத்தனார் கரண்டியில் கலவையோடு நிற்கிறார். "வைக்கவாம்மா, வேண்டாமா? கலவை இறுகுது" என்கிறார். தையல்காரம்மா உறுப்பினரை விட்டுவிட்டார், என்னையும் விட்டுவிட்டார். இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.

சொல்லுங்கள். ஆனால் யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவர் நம்பிவிடுவார்.