அழித்ததற்குக் காரணம்

இணையக் கருத்துக்கள மட்டுறுத்துநர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. திட்டு உண்டு. அது உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்துகொண்டிருந்ததால் வினாயகமூர்த்திக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வரவில்லை. மட்டக்களப்பில் நெட் கஃபே ஒன்றைப் பார்த்துக்கொண்டே, களத்தில் யாராவது யாருடைய தாயையாவது இழுத்தால் அந்த வரியை அழிப்பான். 2006ஆம் ஆண்டில் அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. களத்தின் சொந்தக்காரர் நல்லரத்தினம் சுவிஸில் இருந்தார். சண்டை நடக்கட்டும் என்று எழுதியவர்கள் எல்லாரும் ஷெல் விழாத ஊர்களில் இருந்தார்கள். ஷெல் சத்தம் கேட்கும் ஊரில் இருப்பதை வினாயகமூர்த்தி யாருக்கும் சொல்லவில்லை.

அன்று காலை 'மண்ணின் மைந்தன்' என்ற கனடாக்காரர் எழுதியிருந்தார்: கிரானுக்கு நெல் எடுக்க வரும் ஓட்டமாவடி வியாபாரி அசனார், நெல்லோடு தகவலும் ஏற்றுகிறார். லொறி நம்பரும் போட்டிருந்தார். தகவல் இராணுவத்துக்கா, இயக்கத்துக்கா என்று எழுதவில்லை. எந்தப் பக்கத்தாரும் கோபப்பட வசதியாக இருந்தது.

சொந்த ஊரான கிரானில் வினாயகமூர்த்தியின் அப்பாவிடமும் அசனார்தான் நெல் எடுப்பார். அவர் அங்கே கொண்டுவந்த ஒரே தகவல் தன்னுடைய இரத்தத்தில் சீனி ஏறிய வருத்தம் பற்றியது.

பதிவை அழித்தான். 'அழித்ததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'தனிநபர் பெயர்' என்று எழுதினான். கொஞ்ச நேரத்தில் நோர்வேயிலிருந்து ஒருவர் கேட்டார்: "உண்மை சுட்டுவிட்டதோ?" பொய்யென்றால் ஏன் அழிக்க வேண்டும் என்று அவுஸ்திரேலியா கேட்டது. அந்தக் கேள்விகளையும் அழித்தான். அது இன்னும் பெரிய ஆதாரமாயிற்று.

நல்லரத்தினம் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, கருத்துச் சுதந்திரம் எண்டு ஒண்டு இரிக்கு."

"அண்ணே, ஆளைச் சுட்டுப் போடுவானுகள்."

"ஆர் சுடுற?"

"அதைச் சொன்னா என்னையும் சுடுவானுகள்."

"நீ சரியான பயந்தாங்கொள்ளி" என்றார் சுவிஸிலிருந்து.

வினாயகமூர்த்தி அசனாருக்குத் தொலைபேசி எடுத்தான். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் காக்கா என்பார்கள். "காக்கா, கிரான் பக்கம் வராதீங்க. உங்கட பேர் கம்பியூட்டர்ல வந்திரிக்கு."

"எண்ட அடையாள அட்டையிலயே பேர் பிழை, மகன். கம்பியூட்டர்ல மட்டும் சரியா எழுதிட்டானுகளா?"

சிரித்தாலும் அசனார் ஒரு வாரம் வீட்டை விட்டு அசையவில்லை. 'ஆள் தலைமறைவு. நான் சொன்னேன் அல்லவா?' என்று மண்ணின் மைந்தன் எழுதினார். வினாயகமூர்த்தி அழித்த பதிவை நல்லரத்தினம் தானே மீட்டு, களத்தின் உச்சியில் ஒட்டிவைத்தார்.

மறுநாள் மத்தியானம் கஃபேயில் தொலைபேசி அடித்தது.

"மகன், மழை இருட்டுது. உங்கட அப்பாட நெல்லு வெளியில கிடந்து முளைக்கப் போகுது. நாளைக்கு வாறன்."

"நாளைக்கா? வேணாம் அசனார் காக்கா! கிரானுக்கு லொறியக் கொண்டு வராதீங்க!"

"போடா, இனியும் பயந்து கிடக்க ஏலா." வைத்துவிட்டார்.

மூன்றாம் மேசையில் இருந்தவர் எழுந்து வந்தார். அடிக்கடி வருகிறவர், இடுப்பில் இருப்பது தெரியாமல் சட்டையை எப்போதும் வெளியே விட்டிருப்பார். எந்தப் பக்கம் என்று வினாயகமூர்த்தி கேட்டதில்லை. கேட்கிற வழக்கமும் ஊரில் இல்லை.

"தம்பி, களத்துல மேல ஒட்டியிருக்கிற பக்கத்தை ஒரு கொப்பி அடிங்க. லொறி நம்பர் தெளிவா விழணும்."

"பிரிண்டர்ல மை முடிஞ்சிட்டு அண்ணே."

"இப்பத்தானே அந்தப் பொடிச்சிக்கு அடிச்சுக் குடுத்தீங்க?"

வினாயகமூர்த்தி பின்னால் சாய்ந்து, முழங்கையால் மெயின் சுவிட்சைத் தட்டினான். திரைகள் கறுத்தன. "கரண்ட் போயிட்டு" என்று மேசைக்கு மேசை சொன்னார்கள். அவன் களத்தில் சேர்ந்த நாளிலிருந்து, காரணம் கேட்காமல் எல்லாரும் ஏற்றுக்கொண்ட அழிப்பு இது ஒன்றுதான்.

வந்தவர் வாசலால் எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவனுடைய முழங்கையைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"பரவாயில்ல, கொப்பி வேணாம். அசனார் காக்கா நாளைக்கு எத்தினை மணிக்கு வாறாராம்?"

"தெரியா."

"ஓம், நீங்க நேரம் கேட்கயில்லதான். மூண்டாம் மேசை வரைக்கும் உங்கட சத்தம் கேட்டது." கதிரையொன்றை இழுத்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டு, ரிசீவர்மேல் கைவைத்து உட்கார்ந்தார். "கரண்ட் வரட்டும் தம்பி. நான் இருக்கிறன்."