சர்க்கரை சேர்க்காத பால்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் மாலைப் பால் மிஞ்சுவதே கிடையாது. அதில் சமையல்கார அக்காவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்க்காத பால்தான் தர வேண்டும் என்பது உணவுத் திட்டத்தின் விதி. அதை எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது மூன்று வயதுக் கூட்டத்துக்கு நடுவே டம்ளரோடு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். முன்பெல்லாம் பாதிப் பால் தரையில், மீதி சட்டையில். இப்படி வீணானால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று காப்பகத்து மேடம் கையைப் பிசைந்தாள். அன்றிலிருந்து அக்கா யாருக்கும் தெரியாமல் பானையில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். பானை காலியானது. பார்வையிட வந்த அதிகாரிகள் மேடத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒருவராவது ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை.

வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் சின்னப் பெண், கொஞ்ச நாளாக வாயே திறக்காமல் மூலையில் சுருண்டு கிடந்தாள். ஒரு சாயங்காலம் அவளை அழைத்துப் போக வந்த அம்மா, செருப்பை மாட்டிவிடும்போதே உடைந்து போனாள்.

"இவளுக்குச் சர்க்கரை வியாதிக்கா. தினமும் ஊசி போடறோம். அப்பவும் சாயங்காலமானா ஏறிடுது. டாக்டர் என்னைத் திட்டறாரு. இங்கிருந்து கூட்டிட்டுப் போய், நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் என் தங்கச்சிதான் பார்த்துக்கிறா. அவதான் ஒளிச்சு ஒளிச்சு இனிப்பு குடுக்கிறா. கேட்டா சத்தியமா இல்லைங்கிறா. நேத்து வெளியே போடின்னுட்டேன், அதான் இன்னைக்கு நானே வந்தேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கிட்ட யாருமே சொல்லலையேம்மா?"

"மேடம்கிட்ட அப்பவே சொன்னேனே. இங்க பால்ல சர்க்கரையே கிடையாது, கவலைப்படாதீங்கன்னாங்க."

மேடம் சொன்னதில் பொய்யில்லை. விதிப்படி இந்தக் குழந்தைக்காகப் பாலில் மாற்ற ஒன்றுமில்லை, அதனால் அடுப்படிக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன? மறுநாள் சர்க்கரை டப்பாவைக் கழுவி வெயிலில் வைத்தாள். குழந்தைகள் முகத்தைச் சுளித்தன, பால் மிஞ்சியது, மேடம் முணுமுணுத்தாள். போகட்டும், பிள்ளை தேறினால் போதும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்த வாரம் வாயாடி பழையபடி ஊர்க்கதை பேச ஆரம்பித்தாள். அம்மா சிரித்த முகமாக வந்தாள்.

"இப்ப ஏறவே இல்லைக்கா. அவ போனதும் சரியாயிடுச்சு பாருங்க. அப்ப அவதானே? கூடப் பிறந்தவளே இப்படிப் பண்ணிட்டாளே. இனிமே செத்தாலும் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்."

சத்தமில்லாமல் தப்பைத் திருத்திவிட்டதாக அக்கா நினைத்தாளே, அதுவே அந்தத் தங்கைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அவள் இப்போது யார் வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாளோ?

வாயாடி அம்மாவின் கையை இழுத்தாள். "பால் நல்லாவே இல்லம்மா. முன்னாடி இனிப்பா இருந்துச்சு."

"நாக்கைக் கெடுத்து வெச்சிருக்கா பாருங்க, மகராசி."

"அவ இல்லம்மா," என்றாள் அக்கா. "நான்தான். பானையில நான்தான் போட்டேன். அவ குடுக்கவே இல்ல."

அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.