கவியரங்கத்தில் அடித்த மணி

சிதம்பரம் முத்தமிழ் விழாவின் நிகழ்ச்சி நிரல் ரோஜா நிறக் காகிதத்தில் அச்சாகித் தபாலில் வந்தது. புலவர் தைரியராஜ் அதைப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றபடியே பிரித்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும் பொறுமை அவருக்கு இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை நாதசுரம், புத்தகக் கண்காட்சித் திறப்பு, சங்க இலக்கிய ஆய்வுரை. மாலை பட்டிமன்றம், நாடகம். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கவியரங்கம். பிற்பகல் வழக்காடு மன்றம், மாணவர் ஒப்புவித்தல், பொழுது சாய வில்லுப்பாட்டு. அவர் கண் மற்றவற்றைத் தாண்டி நேரே கவியரங்கத்துக்குப் போயிற்று.

பொதுத் தலைப்பு, உழைப்பு. ஆறு கவிஞர்கள். ஏர், தறி, உளி, வலை, சக்கரம், உலை என்று ஆளுக்கு ஒரு தலைப்பு. 'வலை'க்கு எதிரே 'கிள்ளை கு. பூவராகன்' என்று இருந்தது.

அவர் பெயரும் இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில்: 'நேரக் கண்காணிப்பு, புலவர் தைரியராஜ், கடலூர்.'

கடலூர் முதுநகரில் பதினெட்டு வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர் தைரியராஜ். சிதம்பரம் கவியரங்கத்தில் தொடர்ந்து மூன்று வருஷம் பாடியவர். இந்த வருஷத் தலைப்புகளில் வலையும் உண்டு என்று மார்கழியிலேயே காதில் விழுந்திருந்தது. வலை என்றால் தன்னைத் தவிர யார் என்று நினைத்து அறுபத்து நான்கு வரி எழுதி முடித்தும்விட்டார். சேசுநாதர் வலைஞரை அழைத்த காட்சியில் தொடங்கி, எதுகை மோனை ஒன்றும் பிசகாமல், அழகாகவே எழுதியிருந்தார். அதை மனைவி வியாகுலமேரிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அவுங்க உங்கள எழுதச் சொன்னாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"சொல்லுவாங்க."

சொல்லவில்லை. விழாச் செயலாளர் கோவிந்தசாமியின் கடிதம் மறுநாள் வந்தது. கோவிந்தசாமி மேலவீதியில் மருந்துக் கடை வைத்திருந்தவர். போன வருஷம் கவியரங்கம் இரண்டரை மணி வரை நீண்டு, சாப்பாடு ஆறிப்போய், சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனதை அவரால் மறக்க முடியவில்லை. 'ஆகவே இவ்வருஷம் ஆளுக்கு எட்டே நிமிஷம். ஆறாவது நிமிஷம் மேசை மணியில் ஒரு தட்டு. இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று பொருள். எட்டாவது நிமிஷம் இரண்டு தட்டு, முடித்துவிட வேண்டும். கண்டிப்புக்குத் தங்களைவிட்டால் ஆள் ஏது? பிற்பகல் வழக்காடு மன்றத்துக்கு ஐந்து நிமிஷ வரவேற்புரையும் தங்களுடையதே. புது ஆள் ஒருவருக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்ததையும் தாங்கள் பொருட்படுத்த மாட்டீர்கள்' என்று எழுதியிருந்தார்.

தைரியராஜ் பொருட்படுத்தினார். பூவராகன் கிள்ளையில் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா, புலவர் பட்டம் இல்லாதவன், பத்திரிகையில் நாலு கவிதை வந்திருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். அந்த நாலையும் தேடிப் பிடித்துப் படித்தார். இரண்டில் தளை தட்டியது. அன்று ராச்சாப்பாடு அவருக்கு ருசியாக இருந்தது. ஒருவருடைய குறையில் நமக்கு ருசி வந்துவிட்டால் நம் நாக்கில் ஏதோ நோய் கண்டிருக்கிறது என்று அர்த்தம். அது தைரியராஜுக்கும் தெரியும். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். பொறாமை தலையான பாவங்களில் ஒன்று என்று எத்தனையோ தடவை பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறார்.

ஞாயிறு காலை சிதம்பரத்து மாதா கோயிலிலேயே பூசை கண்டு, நற்கருணை வாங்கிக்கொண்டு, ஒன்பதரைக்கெல்லாம் விழா நடந்த கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டார். மேடையில் கவிஞர்களுக்கு ஆறு நாற்காலி. தலைமை தாங்கும் ஓய்வு பெற்ற பேராசிரியர் சிங்காரத்துக்கு நடுவில் கைவைத்த நாற்காலி. ஓரத்தில் ஒரு ஸ்டூலும் சின்ன மேசையும். மேசைமேல் மணி.

பூவராகனை அங்கேதான் முதலில் பார்த்தார். தன் வயதே இருக்கும், நாற்பதுக்கு மேல். வெயிலில் காய்ந்த முகம், கஞ்சி போட்டு விறைத்த சட்டை.

"வணக்கம் சார். கடலூர் புலவர்னா நீங்கதான? போன வருஷம் நீங்க பாடறப்ப அந்தத் தூண்கிட்ட நின்னு கேட்டேன். இது என் வீட்டுக்காரி, வேலம்மாள். நான் மேடை ஏறிப் பாடறத பாத்தே ஆவணும்னு காலை ரயில்ல வந்துட்டா."

வேலம்மாள் கும்பிட்டாள். "வூட்ல படிச்சுக் காட்டறேன்னுதான் சொன்னாரு. எனக்குப் படிக்கத் தெரியாது சார். கேக்கறதுன்னா சபையிலயே கேட்டுக்கறேன், வூட்ல இன்னா கூத்துன்னு சொல்லிட்டேன். கடேசியில என்னப்பத்தி வருதாமே."

"நல்லது, நல்லது" என்றார் தைரியராஜ். சட்டைக் கஞ்சி அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஏர் பாடியவர் எட்டு நிமிஷத்துக்குப் பதினொன்று எடுத்துக்கொண்டார். தறி பதின்மூன்று. கவியரங்கப் பழக்கம் அது. முதல் மணி கேட்டதும் கவிஞர் மணியைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டு தட்டுத் தட்டினால் 'மணி அடிக்கிறார், என் மனம் அடங்கவில்லை' என்று அதையே ஒரு வரியாக்கிக் கைதட்டல் வாங்குவார். அதற்குப் பிறகுதான் பாட்டு சூடு பிடிக்கும். உளியும் அப்படியே போயிற்று. மேடையேறிப் பழகியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. பூவராகனுக்குத் தெரியாது.

பூவராகன் ஒலிபெருக்கி முன் வந்தபோது அது கீச்சென்று கத்தியது. தைரியராஜுக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம். அவை வணக்கமும் தலைவர் வாழ்த்தும் தடுமாறின. தைரியராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிஷம் அதிலேயே போயிற்று. பிறகு பாட்டு கடலுக்குள் இறங்கியது.

கரைநின்று பெண்டிரெலாம் எண்ணும் எண்ணம்
மீனல்ல, வருகின்ற தலைகள் ஐயா.

சபையில் சத்தமே இல்லை. கைதட்டல் வந்திருந்தால் தைரியராஜ் தாங்கிக்கொண்டிருப்பார். பேராசிரியர் சிங்காரம் வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் தன் பாட்டுக்கு ஒரு தடவைகூட அந்தப் பெட்டி மூடியதில்லை. தன்னுடைய அறுபத்து நான்கு வரியில் வலை இருந்தது, மீன் இருந்தது, முத்துகூட இருந்தது. கரையில் யாரும் நிற்கவில்லை. அது அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

ஆறாவது நிமிஷம் வந்தது. ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தைரியராஜ் இரண்டு தட்டுத் தட்டினார்.

கை தவறிவிட்டது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள நினைத்தார். கை தவறவில்லை. முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவே நிறுத்திக்கொள்ள நேரம் இருந்தது. மற்றவர்களைப் போலச் சிரித்துவிட்டு இவனும் தொடரப் போகிறான், கொஞ்சம் தடுமாறினால் போதும் என்றுதான் அவர் எண்ணினார். அவ்வளவுதான் அவர் வேண்டிக்கொண்ட தீமை.

பூவராகன் அடியின் நடுவில் நின்றுவிட்டான். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். இன்னும் ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதை நாலாக மடித்தான். "நேரம் ஆயிடுச்சி. மன்னிக்கணும். வணக்கம்" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனான். பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சக்கரம் பாடுகிறவரைக் கூப்பிட்டார். பெண்கள் வரிசையில் வேலம்மாள் அக்கம்பக்கம் திரும்பி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்துபோயிற்றா என்று கேட்டிருக்க வேண்டும்.

மணி ஒன்றரைக்குப் பந்தி. கூட்டம் நெருக்கியடித்தது. தைரியராஜ் கடைசியாக வந்தபோது உட்கார இடமில்லை. திரும்பப் போனவரை, "சார், இங்க வாங்க" என்று ஒரு குரல் கூப்பிட்டது. வேலம்மாள். தனக்கும் புருஷனுக்கும் நடுவில் ஓர் இலையைப் போட்டு, அதன்மேல் பூவராகனின் துண்டை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

"காலைலேருந்து அந்த முக்காலிய வுட்டு நீங்க எழுந்திருக்கவேல்ல. ஒருத்தரும் உங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல. நான் பாத்துக்கினேதான் இருந்தேன். ஒக்காருங்க."

உட்கார்ந்தார். சோறு விழுந்தது. பூவராகன் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வூட்ல டைம்பீஸ் வெச்சு மூணு தடவ பாத்தேன், எட்டு நிமிஷத்துல முடிஞ்சுது. மேடையில பயத்துல இழுத்துட்டேன் போலருக்கு. நீங்க அடிச்ச ஒடனே நிறுத்திட்டேன். நமக்குன்னு குடுத்தது எட்டு, ஜாஸ்தி எடுத்தா அடுத்தவரு நேரத்த எடுத்தாப்ல ஆவுமில்ல?"

தைரியராஜ் சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து மேற்பார்வைக்கு வந்த கோவிந்தசாமி அவர் பின்னால் நின்று குனிந்தார். மெதுவாகப் பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு.

"மாஸ்டர், உங்களுக்குக் குடுத்திருக்கணும். புது ஆளுங்களுக்குத் தயாரிப்பு பத்தல. பாதில ஒக்காந்துட்டா நிகழ்ச்சி என்னாவறது? அடுத்த வருஷம் அந்த நாற்காலி உங்களுக்குத்தான். மோர் ஊத்தச் சொல்லட்டா?"

பூவராகன் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டான். வேலம்மாள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

வேண்டிய நாற்காலி, கேட்காமலே, பிசைந்த சோற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தைரியராஜ் இலையை மடித்தார். கையலம்பப் போனார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று குழாயடியில் தோன்றியது. உடனே சாமியார் என்ன கேட்பார் என்பதும் தோன்றியது. 'களவு செய்யாதே' என்ற ஏழாம் கற்பனைப் பாடத்தில் தைரியராஜே பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விதான்: திருடினதைத் திருப்பிக் கொடுத்தாயா? கொடுக்காமல் மன்னிப்புக் கேட்டால், கேட்டது காதில் விழுந்ததாகக் கர்த்தர் காட்டிக்கொள்ள மாட்டார் என்று பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். இரண்டு நிமிஷத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. திருடின ஆளுக்கு மட்டும்தான் கணக்குத் தெரியும்.

வெளியே வேப்பமர நிழலில் பூவராகன் ரயில் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

"பூவராகன்" என்றார் தைரியராஜ். "உங்களுக்கு எட்டு நிமிஷம் ஆகல. ஆறுதான் ஆச்சு. ஒரு தட்டுத் தட்ட வேண்டிய இடத்துல ரெண்டு தட்டுத் தட்டிட்டேன்."

"அவசரத்துல தவறி..."

"தவறல. வேணும்னே."

வேலம்மாள்தான் கேட்டாள்.

"இவரு உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணாரு சார்?"

"ஒண்ணும் பண்ணல. நல்லா பாடினாரு."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "எல போட்டு எடம் புடிச்சு வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்."

"சும்மா இரு" என்றான் பூவராகன். முகத்தில் சிரிப்பு இல்லாமலே தைரியராஜிடம் சொன்னான். "போன வருஷம் தூண்கிட்ட நின்னு கேட்டேன்னேனே சார். கேட்டதென்ன, வயிறு எரிஞ்சுதான் நின்னேன். ஆனா என் கையில மணி இல்ல."

தைரியராஜ் கோவிந்தசாமியைத் தேடிப் போய் அதையே திரும்பச் சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. கோவிந்தசாமி முதலில் நம்பவில்லை. நம்பியதும் முகம் சிவந்துவிட்டது.

"கண்டிப்பான ஆளுன்னு உங்களப் போட்டேன் பாருங்க. இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க? ரெண்டரைக்கு வழக்காடு மன்றம். நிரல்ல ஒரு நிமிஷம் எடமில்ல."

"அதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் என் வரவேற்புரை இருக்குதே. அதக் குடுத்துடறேன்."

"அப்ப மன்றத்த யாரு வரவேற்கறது?"

"நீங்க ஒரு வரி சொல்லிடுங்க."

"அடுத்த வருஷ நாற்காலிய மறந்துடுங்க மாஸ்டர்" என்றார் கோவிந்தசாமி.

"சரி."

"அந்த மணிய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

இரண்டரை மணிக்கு மண்டபம் பாதிதான் நிரம்பியிருந்தது. அதிலும் பாதிப் பேருக்குச் சாப்பாட்டு மயக்கம். தைரியராஜ் ஒலிபெருக்கி முன் நின்று, காலையில் கிள்ளைக் கவிஞருக்கு உரிய நேரத்தை முன்கூட்டியே மணியடித்துப் பறித்தது தன் குற்றம், அவர் குறையல்ல என்று நாலே வாக்கியத்தில் சொல்லி, மீதியைப் பாட அவரை அழைத்தார். முன்வரிசையில் யாரோ "என்னவாம்?" என்று கேட்டார்கள். தைரியராஜ் இறங்கி வந்து மேடையோரத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

பூவராகன் மடித்த காகிதத்தைப் பிரித்து, நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினான். காலையில் இருந்த பயம் இப்போது குரலில் இல்லை. நேரே பெண்கள் வரிசையைப் பார்த்துப் படித்தான்.

வலையென்றால் எண்ணிப்பார், ஓட்டை தானே;
வாழ்வென்றால் அதுபோல ஓட்டை தானே.
அலைகிழித்த இடமெல்லாம் குனிந்து குந்தி
அவள்போட்ட முடிச்சன்றோ எங்கள் சோறு.

நல்ல வரி. இந்தத் தடவை தளைகூடத் தட்டவில்லை. குற்றத்தைச் சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று தைரியராஜ் எண்ணியிருந்தார். அது போகவில்லை, தூணுக்குப் பக்கத்தில் அவரோடுதான் நின்றது.

சபை தூங்கி வழிந்தது. கைதட்டல் இல்லை. பூவராகன் காகிதத்தைத் தாழ்த்தினான். நல்ல வரியைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்பது சபையின் மரியாதை. யாரும் கேட்கவில்லை என்றால் அந்த வரி அதோடு போயிற்று.

"மறுபடியும்" என்றார் தைரியராஜ்.

யார் காதிலும் விழவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி, வகுப்பறைக் குரலில் சொன்னார்: "மறுபடியும் ஒரு தடவை பாடுங்க."

நாலைந்து பேர் விழித்துக்கொண்டார்கள். பேராசிரியர் சிங்காரம் திரும்பிப் பார்த்தார். பூவராகன் திரும்பப் பாடினான். 'அவள்போட்ட முடிச்சன்றோ' என்ற இடம் வந்தபோது வேலம்மாள் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள், எல்லாரும் அவற்றையே பார்ப்பது போல.